வெளிப் பாப்பா

எங்கள் ஊரில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கேட்காது. பட்டறைக்குப் பட்டறை விசைத்தறி, விடிந்ததும் அடிக்கத் தொடங்கினால் சுவரோடு சுவராக வீட்டோடு வீடாக அடித்துக்கொண்டே இருக்கும், தூளியில் கிடக்கிற பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் அதே அடிதான். அந்தச் சத்தத்தில் பாடுபடுகிறவர்களுக்குக் கைதான் வாய். இரண்டு விரலைக் கத்திரிபோல வெட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. மீசையை நீவினால் முதலாளி வருகிறார். மீசையே இல்லாத முதலாளிக்கும் அதே நீவல்தான். ஆளுக்கு ஒரு கைப்பேரும் உண்டு. உடம்பில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுதான் பேர், அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. செங்கோடனுடைய வலக்கையில் இரண்டு விரலைத் தறி வாங்கிக்கொண்டதால், இரண்டு விரலை மடக்கிக் காட்டினால் செங்கோடன். அவன் பெண்டாட்டி சுகுணா சிவப்புக்கல் மூக்குத்தி போட்டிருந்ததால், மூக்கைத் தொட்டால் சுகுணா.

அவர்கள் பிள்ளை தர்ஷிகா பேசவில்லை.

காது நன்றாகக் கேட்டது. சொன்னது புரிந்தது. எடுத்துவரச் சொன்னதை எடுத்து வந்தாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், பள்ளிக்கூடத்தில் போடுகிற வயதும் வந்துவிட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. தறிக்கு நடுவே தூளியில் கிடந்த காலத்திலிருந்தே அம்மா வேண்டுமென்றால் மூக்கைத் தொடுவாள். பட்டறையே வேலையை விட்டுவிட்டுப் பார்த்துச் சிரிக்கும், பாரு, பேர் சொல்லிக் கூப்பிடுது என்று. சுகுணா சிரித்ததில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து மூக்கிலிருந்து இறக்கிவிடுவாள்.

“அது பேச்சில்ல சாமி. அம்மான்னு சொல்லு. ஒருக்கா சொல்லு.”

அவளுக்கு வேறு ஆசை கிடையாது. வீடு கட்ட வேண்டும் என்றோ நகை வாங்க வேண்டும் என்றோ அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த வாயிலிருந்து அந்த ஒரு சொல். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு அறை ஒதுக்கினார்கள். நாகர்கோவில்காரி ஒருத்தி வந்தாள், பியூலா என்று பேர், பேச்சு டீச்சர் என்று ஊர் வைத்த பேர். பேச்சு வராத பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்து, காகிதத் துண்டை உதட்டுக்கு நேரே பிடித்து ஊதச் சொல்வாள், சோப்புத் தண்ணீரில் குமிழி விடச் சொல்வாள், உதட்டோரம் தேனைத் தடவி நாக்கால் எடுக்கச் சொல்வாள். பெற்றவர்களுக்கு அவள் சொன்னது ஒன்றுதான். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள், எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். தர்ஷிகா மூக்கைத் தொட்டதைப் பார்த்துவிட்டு, அதுவும் பேச்சுதான், தடுக்க வேண்டாம், கை முதலில் வரட்டும், வாய் பின்னால் வரும் என்றாள்.

சுகுணாவுக்கு அது பிடிக்கவில்லை. “கைப்பேச்சுக்கு எதுக்குங்க டீச்சரு? அது எங்க பட்டறையிலயே ஓசியில கெடைக்குதே.”

பியூலா சிரித்துவிட்டாள். வீட்டில் பெரிய கண்ணாடி இருந்தால் பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்துப் பழக்குங்கள், தன் வாயைத் தானே பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

கண்ணாடி இருந்தது. சுகுணாவுக்குக் கல்யாணச் சீராக வந்த பச்சை இரும்பு பீரோ, அதன் கதவில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டாள். தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் தேன்குப்பியும் ஸ்டூலும்தான்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. கரண்ட் போனால் எங்கள் ஊர் ஒரேயடியாக நின்றுபோகும். அப்போதுதான் காகம் கத்துவது கேட்கும், அடுத்த வீட்டுக் குக்கர் கேட்கும், ஆற்றில் தண்ணீர் போவதுகூடக் கேட்கும் என்பார்கள். அந்த அமைதியில் சுகுணா பிள்ளையின் உதட்டில் தேனைத் தடவிவிட்டு, அம்மா சொல்லு என்றாள்.

“அம்மா” என்று கேட்டது.

பிள்ளையின் வாய் மூடியிருந்தது. கண்ணாடியில் இருந்தவளின் வாய்தான் திறந்தது.

சுகுணா எழுந்து அடுக்களைக்குப் போனாள், பொங்க இருந்த பாலை இறக்கி வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இன்னொருக்கா சொல்லு என்றாள். கண்ணாடிக்காரி இன்னொருக்கா சொன்னாள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் இல்லை.

உடம்பெல்லாம் வெளியே இருப்பவளைப் போலத்தான். இவள் கையைத் தூக்கினால் அவளும் தூக்குவாள், இவள் ஸ்டூலை விட்டு எழுந்து போனால் அவளும் போய்விடுவாள். வாய் மட்டும் தனி. அந்த வாயில் குழறல் இல்லை, திக்கல் இல்லை, கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. அம்மா நல்லா இருக்கியா என்றாள், அப்பா விரல் வலிக்குதா என்றாள், எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா என்றாள். செங்கோடன் வாசலில் நின்று கேட்டுவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

சேதி கடையிலிருந்து பட்டறைக்குப் போனது, பட்டறையிலிருந்து சாயப்பட்டறைக்குப் போனது, சாயப்பட்டறையிலிருந்து பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனது. பாவு நூல் ஓட்டுகிறவர்களும் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவர்களும் முதலாளி வீட்டுப் பெண்டுகளும், கையில் பிஸ்கட்டும் பழமுமாக, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, ஸ்டூலில் இருந்த பிள்ளையின் தலைக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்கள், கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்கள், போகும்போது பிஸ்கட்டைப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடியிடம் போய்ட்டு வர்றேன் சாமி என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்ததால் பேரும் தானாக வந்தது. பேசுகிறவள் பீரோப் பாப்பா. இவள் வெளிப் பாப்பா.

டீக்கடை அர்த்தநாரி ஒரு முறை வந்து பார்த்தான். பிள்ளை ஸ்டூலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவன் பார்த்தது கண்ணாடியை. “எல்லாஞ் சரிதான். பாப்பா பீச்சாங்கையில திங்கறாளே, அதைக் கொஞ்சம் திருத்தோணும்” என்றான். எல்லோரும் சிரித்தோம். அதோடு விட்டோம்.

தலைமையாசிரியர் நேரில் வந்து கேள்வி கேட்டார். பீரோப் பாப்பா வாய்ப்பாடு ஒப்பித்தாள், ஆத்திசூடி ஒப்பித்தாள். அவர் அன்றைக்கே பேரை எழுதிக்கொண்டார். பீரோவைச் சரக்கு வண்டியில் ஏற்றி, நான்கு ஆள் பிடித்து இறக்கி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். வெளிப் பாப்பா அதைப் பார்த்து, வாத்தியாருக்கு முதுகு காட்டி உட்கார வேண்டியிருந்தது. அதில் தப்பு இருப்பதாக வாத்தியாருக்கும் படவில்லை. சாயங்காலம் திரும்ப ஏற்றி வீட்டுக்கு. சுதந்திர தினத்துக்குப் பீரோ மேடை ஏறியது. பேச்சுப்போட்டியில் முதல் பரிசும் வாங்கியது. கோப்பையை வெளிப் பாப்பா கையில் கொடுத்துவிட்டுக் கைதட்டலைக் கண்ணாடிக்குக் கொடுத்தோம். இறக்கி ஏற்றியதில் பீரோவின் ஒரு கால் வளைந்து போனது, முதலாளியே ஆள் வைத்து நிமிர்த்திக் கொடுத்தார்.

மற்றப் பிள்ளைகளையும் கொண்டுவந்து அந்த ஸ்டூலில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிள்ளைக்கும் வாய் திறக்கவில்லை. தத்தம் வீட்டுக் கண்ணாடி முன்னாலும் வைத்துப் பார்த்தார்கள். இல்லை. ஆனாலும் பியூலாவின் அறைக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. காகிதத்தை ஊதிக்கொண்டு காலம் தள்ள யாருக்குப் பொறுமை.

பியூலா ஒருநாள் வந்தாள். பிள்ளை ஸ்டூலில் இருந்தாள். பசிக்குதா மக்களே என்று தன் ஊர்ப் பேச்சில் கேட்டுவிட்டு, தன் வழக்கப்படி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளையின் கை மெல்ல எழுந்து சோற்றுப் பானைப் பக்கம் நீண்டது. அதற்குள் கண்ணாடி முந்திக்கொண்டது.

“பசிக்கல டீச்சர். நல்லா இருக்கேன்.”

“அவ கையப் பாருங்க, சுகுணா” என்றாள் பியூலா.

சுகுணா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதான் பாப்பாவே சொல்லிப்போட்டாளுங்களே.”

பியூலாவும் மனுஷிதான். நடந்து நடந்து களைத்திருந்தாள், அறையில் பிள்ளைகள் இல்லை, அந்தக் குரல் வேறு அவ்வளவு இனிமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசு மக்களே என்று அவளும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் போகும்போது இருட்டத் தொடங்கிவிட்டது என்று சொல்வார்கள்.

வெளிப் பாப்பாவுக்கு அந்த ஸ்டூலை விட்டு எழ வழியில்லாமல் போனது. எழுந்தால் பேச்சு நின்றுவிடும், ஆட்கள் உச்சுக்கொட்டுவார்கள், உக்காரு சாமி, உக்காரு தங்கம் என்று அழுத்தி உட்கார வைப்பார்கள். முதலில் கையை நீட்டிக் கண்ணாடிக்காரியின் வாயைப் பொத்திப் பார்த்தாள். உள்ளங்கைக்குப் பின்னாலிருந்தும் பேச்சு வந்தது. மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா என்ற குரல் அதைவிடப் பெரிதாகக் கேட்டதால் மூக்கை யாரும் பார்க்கவில்லை. பகலெல்லாம் தறியில் அடுத்தவன் கையைப் பார்த்தே பிழைக்கிற ஊர் இது. ஒரு விரல் அசைந்தால் நூலா டீயா முதலாளியா என்று தெரிந்துகொள்கிற ஊர். ஒரு பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் பிள்ளைக்கு உடம்பு காய்ந்தது. வலது காதைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தாள். சுகுணா அவளைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்து, தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியிடம் கேட்டாள்.

“என்ன பண்ணுது சாமி?”

“காதுல கையை வெச்சிருக்கேம்மா.”

“எந்தக் காது?”

“இடது காதும்மா.”

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கை அவளுடைய இடது காதில்தான் இருந்தது.

டாக்டரிடமும் பீரோவோடுதான் போனார்கள். அவரும் கேள்விப்பட்டிருந்தார், பீரோவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். வலது காதுப் பக்கம் விளக்கைக் கொண்டுபோனபோது பிள்ளை தட்டிவிட்டாள். தொடவிட முடியாத வலி. கண்ணாடி, இடது காது டாக்டர் என்று தெளிவாகச் சொன்னது. இடது காதைப் பார்த்தார், கொஞ்சம் அழுக்கு இருந்தது, சொட்டு மருந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து இடது காதில் மருந்தை விட்டார்கள். பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வலது காதில் வைத்தாள். சுகுணா கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி இழுத்து வைத்தாள்.

“கம்முனு இரு சாமி. எந்தக் காதுன்னு சொல்லியாச்சல்ல.”

அதற்குப் பிறகு பிள்ளை கையை இழுக்கவில்லை.

காய்ச்சல் தலைக்கு ஏறியது. சீழ் வலது காதிலிருந்து தலையணையில் வடிந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பீரோவை ஏற்ற அப்போது யாருக்கும் நினைப்பு வரவில்லை. பிழைத்துக்கொண்டாள். காய்ச்சல் இறங்கிப் போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போனது.

இந்தக் காதை இப்படி அழுகும்வரை விட்டீர்களே என்று அங்கே கேட்டார்கள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த செங்கோடன், பீரோவைத் திறக்கக் கையை நீட்டினான். கண்ணாடியில் எதிரே நின்றவனும் விரலில்லாத கையை நீட்டினான். அவனுக்கு விரல் போயிருந்தது இடக்கையில். செங்கோடன் தன் கையைப் பார்த்தான், அவன் கையைப் பார்த்தான். கல்யாணத்திலிருந்து நாள்தோறும் தலை சீவிக்கொண்ட கண்ணாடி அது. துணி எடுக்காமல் அப்படியே திரும்பிப் போனான். ஆஸ்பத்திரி வார்டில், கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்டாட்டிக்கு வாயால் சொல்ல அவனுக்கு முடியவில்லை. விரலில்லாத கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு அதை இறக்கிவிட்டு மற்றக் கையைத் தூக்கி, இரண்டு விரலை மடக்கிக் காட்டினான். தறிக்காரிக்கு அது போதும். அவள் பிள்ளையின் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சுகுணா பீரோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். நான்கு ஆள் தூக்குகிற பீரோ, அவள் ஒருத்தியே திருப்பினாள். தரையில் இன்றும் அந்தக் கீறல் இருக்கிறது. ஊருக்கு இது பழக நாளானது. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று வந்து விசாரித்தவர்கள், நன்றாக இருக்கிறாள் என்று கட்டிலில் இருந்தவளைக் காட்டினால், இல்ல, பீரோப் பாப்பா என்று இழுத்தார்கள். சுகுணா கதவைச் சாத்தினாள். ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்தினோம். வேறு பேச்சும் வந்துவிட்டது, நூல் விலை, பாலத்து வேலை. ஊர் அப்படித்தான்.

பியூலா மட்டும் வந்தாள். எந்தச் சமாதானமும் சொல்லவில்லை, யாரையும் குறையும் சொல்லவில்லை. தரையில் பிள்ளைக்கு நேரே உட்கார்ந்து, கையால் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். சுகுணாவும் இப்போது காத்திருந்தாள். சாப்பிட வைத்துவிட்டு, தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு விரலாவது அசையுமா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அசையவில்லை. பிள்ளை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் வைத்துப் பழக்கியதுபோலவே, நேரே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சு ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு இருந்தது கை ஒன்றுதான். அதையும் நிறுத்திவிட்டாள். இனி எதையும் யாரிடமும் சொல்லமாட்டாளோ என்பதுதான் சுகுணாவின் பயம். டீச்சரிடம் கேட்டாள். தெரியல சுகுணா, காத்திருப்போம் என்றாள் பியூலா.

ஆசை என்பது பயத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற சனியன். துணி மடித்து வைக்கிற சாக்கில் சுகுணா பீரோவின் முதுகுப் பக்கம் போய், பச்சை இரும்பில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். ஒன்றும் கேட்காது. எதிரே ஆள் உட்காராமல் கண்ணாடிக்கு ஏது வாய். நின்றுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். பிள்ளை கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஊர் நின்றது. சுகுணா அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அம்மா” என்று கேட்டது.

கை அரிசியிலேயே நின்றது.

“அம்மா. நல்லா இருக்கேம்மா. எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. அம்மா.”

எழுந்து அறைக்குப் போனாள். கட்டில் காலி. சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு முழச் சந்து, அதற்குள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டு, நோயில் இளைத்த உடம்பை ஒடுக்கி நுழைத்து, முட்டி கண்ணாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தாள் பிள்ளை. அவளுக்கு அந்தக் குரல் கேட்காது. தன் குரல் என்று ஊரே கொண்டாடிய குரலில் ஒரு எழுத்துக்கூட அவளுக்கு இனிக் கேட்கப்போவதில்லை. அம்மா இரும்பில் நெற்றியை வைத்து நின்றதை மட்டும் பார்த்திருக்கிறாள். அம்மாவுக்கு எது வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கிறாள். அதனால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிச் சந்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா வருகிறாளா, வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று.

சுகுணா தலையை உள்ளே நுழைத்தாள். கண்ணாடியில் அந்த வாய் அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே இருந்தவளின் விரல் மூக்கின் மேல் இருந்தது.

இந்த முறை சுகுணா அந்தக் கையை இறக்கிவிடவில்லை. திரும்பக் கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். திறந்த பிறகுதான் அது உதவாது என்று நினைவு வந்தது. கையைத் தூக்கினாள். தூக்கிய கைக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. இத்தனை பேருக்குக் கைப்பேர் இருக்கிற ஊரில், மீசையில்லாத முதலாளிக்குக்கூட இருக்கிற ஊரில், இந்தப் பிள்ளைக்கு ஒன்று வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பாப்பாதானே என்று விட்டிருந்தோம்.

பிள்ளைக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். சுகுணா தன் கன்னத்தில் விரலை வைத்து, நீ என்று காட்டினாள்.

பிள்ளை இல்லையென்று தலையாட்டினாள். மூக்கிலிருந்து கையை எடுத்துத் தன் வலது காதைப் பிடித்தாள். பிறகு நெஞ்சைத் தொட்டாள்.

சுகுணாவின் கை கன்னத்திலிருந்து நகரவில்லை. அந்தப் பேரைச் சொல்ல அவளால் ஆகவில்லை. பிள்ளை மறுபடி காட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை, பதிலை எடுத்துக் கொடுக்கவுமில்லை. பேச்சு டீச்சர் சொல்லிக் கொடுத்ததுபோலக் கேட்டுவிட்டுச் சும்மா காத்திருந்தாள்.

கரண்ட் வந்தது. முதலில் கோடியில் ஒரு தறி, பிறகு பக்கத்தில், பிறகு வீதி முழுக்க. பீரோவின் இரும்பு அதிர்ந்தது. கண்ணாடிக்குள் அந்த வாய் இன்னும் திறந்து திறந்து மூடியது, என்ன சொன்னதோ, யாருக்கும் கேட்கவில்லை.

சுகுணா தன் வலது காதைத் தொட்டாள்.

பிள்ளை மூக்கைத் தொட்டாள்.